அறுபத்தெட்டு டிகிரி

செட்-டாப் பாக்ஸின் மெனுவுக்குள் போய்ப் பார்த்தால் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று சிக்னல் ஸ்ட்ரென்த், இன்னொன்று சிக்னல் குவாலிட்டி. பெரும்பாலானவர்கள் முதல் கோட்டை மட்டும் பார்ப்பார்கள். ‘அதான் தொண்ணூறு காட்டுதே, அப்புறம் ஏன் படம் வரல?’ என்று பெட்டியைத் தட்டத் தொடங்குவார்கள்.

அந்தத் தொண்ணூறுக்கு அர்த்தம் வேறு. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. உயிரோடு இருக்கிறது, கேபிள் அறுந்துபோகவில்லை, ஏதோ ஒன்று உள்ளே வந்துகொண்டிருக்கிறது. அவ்வளவுதான். வருவது நமக்கான செயற்கைக்கோளிலிருந்தா, பக்கத்துச் செயற்கைக்கோளிலிருந்தா, வெறும் இரைச்சலா என்பது அந்தக் கோட்டுக்குத் தெரியாது. வந்ததில் எவ்வளவு பிழையில்லாமல் புரிந்தது என்பதைச் சொல்வது இரண்டாவது கோடு. ஸ்ட்ரென்த் தொண்ணூறும் குவாலிட்டி பூஜ்யமும் ஒரே திரையில் சேர்ந்து நிற்க முடியும்.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது அம்மாவுக்காக.

அம்மா உசிலம்பட்டிப் பக்கம் தனியாக இருக்கிறாள். நான் சென்னையில். தினமும் ராத்திரி எட்டரைக்குப் போன் பேசுவோம். அவள் குரலுக்குப் பின்னால் சீரியலில் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள், இல்லையென்றால் யாரையாவது வீட்டைவிட்டுத் துரத்திக்கொண்டிருப்பார்கள். “சத்தத்தைக் கொறம்மா” என்று நான் சொல்வதும், “கொறச்சுத்தான்டா இருக்கு” என்று அவள் சொல்வதும் வழக்கம். பங்குனியில் ஒரு வாரம் அந்தச் சத்தம் இல்லை. மூன்றாவது நாள் கேட்டேன். “மழைப்பா, அதான் வரல” என்றாள். பங்குனி வெயிலில் உசிலம்பட்டியில் என்ன மழை?

துருவித் துருவிக் கேட்டபின் வெளியே வந்தது. கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்து பார்த்திருக்கிறான். வேப்ப மரம் மறைக்கிறது, வெட்டினால்தான் படம் வரும் என்று சொல்லியிருக்கிறான். “மரம் இருக்கட்டும், நீ வேணா டிவியக் கழட்டி வச்சுட்டுப் போ” என்று அம்மா அவனை அனுப்பிவிட்டாள்.

அது அப்பா வைத்த மரம். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அதைப் பற்றி அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. “சீரியல் பாக்காட்டி என்ன, கொறஞ்சா போயிருவேன்” என்றாள். ஆனால் அந்த வீட்டில் இருட்டியபிறகு கேட்கும் மனிதக் குரல் அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். ஸ்மார்ட் டிவி வாங்கி, இன்டர்நெட் போட்டுத் தருகிறேன் என்றேன். “அந்த ரிமோட்டெல்லாம் எனக்கு ஒத்துவராது.”

சனிக்கிழமை காலை ஊருக்குப் போய் இறங்கினேன். பஸ்ஸிலேயே கொஞ்சம் படித்திருந்தேன். எங்கள் டிஷ் பார்க்க வேண்டியது ஜிசாட்-15. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்டது. கிழக்கு 93.5 டிகிரியில், அந்தமானுக்கு நேர் தெற்கே, நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமி சுற்றும் அதே வேகத்தில் சுற்றுவதால் நமக்கு அது ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கும். அத்தனை தூரம் கடந்து வந்து சேர்வது மிக மெல்லிய அலை. அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். சுவர் மறைத்தால் வராது. ஈரமான இலை மறைத்தாலும் வராது.

அப்போதுதான் பங்குனியின் கணக்கு பிடிபட்டது. வேம்பு மாசியில் இலை கொட்டும். பங்குனியில் தளதளவென்று தளிர்க்கும். மாசி முழுக்க மொட்டைக் கிளைகளின் இடுக்கு வழியாக வந்துகொண்டிருந்த சிக்னலை, நீர் நிறைந்த புதுத் தளிர் குடித்துவிட்டது.

உள்ளூர் டிஷ்காரர் ஒருவரைக் கூட்டிவந்தேன். அறுபதைத் தாண்டியவர். ரூபவாஹினி பிடிக்க ஆளுயரத்துக்கு மேல் ஆளுயரமாகக் குழாய் நட்டு ஆன்டெனா கட்டிய காலத்திலிருந்து இந்த வேலையில் இருக்கிறார். “அப்பல்லாம் புள்ளி புள்ளியாவாச்சும் படம் தெரியும் தம்பி. ஆளு தெரியாட்டியும் பாட்டாச்சும் கேக்கும். இது அப்படி இல்ல. வந்தா முழுசா வரும், இல்லன்னா ஒண்ணுமே இல்ல” என்றார். சரியாகத்தான் சொன்னார். டிஜிட்டலில் ஒரு வரம்புவரை பெட்டியே பிழைகளைத் திருத்திக்கொள்ளும். அதனால் நமக்கு எந்தக் குறையும் தெரியாது. வரம்புக்குக் கீழே போனால் படம் சதுரம் சதுரமாக உடையும், அப்புறம் கறுப்பு. கடைசி நிமிஷம்வரை எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே இருக்கும்.

மாடிக்குப் போய் டிஷ்ஷின் பின்னால் நின்று, அது பார்க்கும் பக்கம் நானும் பார்த்தேன். எதிரே வேப்ப மரத்தின் நடுப்பாகம் தெரிந்தது. யாராக இருந்தாலும் மரத்தை அடியோடு வெட்டத்தான் சொல்வார்கள். ஆனால் டிஷ் பார்ப்பது நம் கண் பார்க்கும் திசையில் இல்லை. எல்.என்.பி.யைக் கீழ்ப்பக்கமாகத் தள்ளி வைத்திருப்பதால், தட்டின் முகம் காட்டுவதைவிட இருபது இருபத்தைந்து டிகிரி மேலேதான் அதன் உண்மையான பார்வை போகிறது. தெற்கே இருக்கும் நமக்குச் செயற்கைக்கோள் கிட்டத்தட்ட உச்சியில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து தென்கிழக்கு வானில், தரையிலிருந்து 68 டிகிரி. டெல்லிக்காரர்களுக்கு இதே கோள் 52 டிகிரிதான். அங்கே மரம் மறைத்தால் நிஜமாகவே கஷ்டம்.

நமக்குக் கணக்கு சுலபம். 68 டிகிரி என்றால், ஓரடி தள்ளிப்போனால் பார்வைக்கோடு இரண்டரை அடி உயரும். எங்கள் டிஷ்ஷிலிருந்து கிளையின் விளிம்பு நாலடி. அங்கே கோட்டின் உயரம் பத்தடி, கிளையின் உயரமோ பதினாலடி. மறைக்கத்தான் செய்யும். டிஷ்ஷை மாடியின் வடமேற்கு மூலைக்குக் கொண்டுபோனால் கிளை விளிம்பு பதினெட்டு அடி தள்ளி இருக்கும். அங்கே கோட்டின் உயரம் நாற்பத்தைந்து அடி. மரம் அவ்வளவு உயரம் வளர இன்னும் காலம் இருக்கிறது.

டிஷ்காரர் என் தாளை வாங்கிப் பார்த்தார். “இதத்தான நான் கண்ணால பாத்துச் சொல்லுவேன்” என்றார். மூலையைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, தளம் உறுதியாக இருக்கிற இடத்தில் போல்ட் அடித்தார். கம்பம் நேராக நிற்கிறதா என்று மட்டம் வைத்துப் பார்த்தார். “கம்பம் சாஞ்சா எல்லாம் சாஞ்சிரும்.” பழைய கேபிளில் ஒட்டுப்போட வேண்டாம், முழுசாகப் புதுசு போடுங்கள் என்றேன். பழைய கனெக்டரைக் கழற்றியபோது உள்ளே பச்சை பூத்திருந்தது. தண்ணீர் இறங்கியிருக்கிறது. பாதி சானல் வந்து பாதி வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றார். பெட்டி அனுப்பும் 13 வோல்ட், 18 வோல்ட்டை வைத்துத்தான் எல்.என்.பி. எந்த அலையை எடுப்பது என்று மாற்றுகிறது. வழியில் வோல்ட் குறைந்தால் ஒரு பாதி அப்படியே போய்விடும்.

பிறகு பழைய சத்தம் தொடங்கியது. அவர் மாடியில், நான் படிக்கட்டில், அம்மா டிவி முன்னால்.

“என்ன காட்டுது?”

“தொண்ணூத்தி ஒண்ணு!”

“அது ஸ்ட்ரென்த்தும்மா. கீழ உள்ளதச் சொல்லு!”

“அது சைபரு!”

பக்கத்தில் 91.5 டிகிரியில் இன்னொரு கோள் இருக்கிறது. இரண்டு டிகிரிதான் வித்தியாசம். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்கு விரல் நுனியால் தள்ளுகிற தூரம். அவர் நட்டை லேசாக இளக்கி, தட்டைத் தொட்டாரா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் திருப்பினார். ஒவ்வொரு தடவையும் நாலைந்து வினாடி காத்திருந்தார். பெட்டி யோசிக்க நேரம் கொடுக்க வேண்டுமாம். முப்பது. நாற்பத்தெட்டு. அறுபது. கடைசியில் எல்.என்.பி.யைக் கடிகார முள்போலக் கொஞ்சம் திருப்பியதும் அம்மா கத்தினாள்: “எழுபத்தி ரெண்டு! போதும், தொடாதீங்க! அந்தப் பிள்ள வந்திருச்சு!”

எந்தப் பிள்ளை என்று எனக்குத் தெரியவில்லை. சீரியலில் யாரோ.

சாயங்காலம் வேம்படியில் உட்கார்ந்து காபி குடித்தோம். “அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம்லம்மா” என்றேன். “என்னத்தச் சொல்ல. நீ அங்கேருந்து கவலப்படுவ” என்றாள். எங்கள் எட்டரை மணிப் போனில் ‘நல்லா இருக்கேன்’ என்று அவள் சொல்வது எப்போதும் தொண்ணூறில்தான் இருக்கும். அதற்குக் கீழே இருக்கும் கோட்டை நான்தான் கேட்டு வாங்க வேண்டும். இப்போதெல்லாம் ‘நல்லா இருக்கியா’ என்று கேட்பதைவிட, ‘இன்னிக்கு மதியம் என்ன சாப்பிட்ட, யார் வந்தா’ என்று கேட்கிறேன். பதில் கொஞ்சம் தாமதமாக வருகிறது. ஆனால் வருகிறது.

ஐப்பசியில் நிஜமாகவே மழை பிடித்தது. மழைத்துளிக்கு இந்த அலையைக் குடிக்கத் தெரியும். அதற்கு மரத்தையும் குறை சொல்ல முடியாது, டிஷ்ஷையும் குறை சொல்ல முடியாது. 90 சென்டிமீட்டர் தட்டு போட்டால் பரப்பு இரண்டேகால் மடங்கு கூடும், மழையிலும் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். வாங்கிப் போடட்டுமா என்று போனில் கேட்டேன்.

“எதுக்கு? இப்ப நாப்பதுல நிக்கிது. மழ விட்டதும் ஏறிரும்.”

“ஸ்ட்ரென்த் எவ்வளவும்மா?”

“அத எவன் பாத்தான்” என்றாள்.