எச்சமயம் பெரிது? அனந்தபுரியில் ஒரு சிந்தனை

தமிழகத்திலிருந்து திருவனந்தபுரம் வருவோர் பெரும்பாலும் ஒரே வழியில் செல்வர். தம்பானூர் புகைவண்டி நிலையத்தில் இறங்கிக் கிழக்குக் கோட்டைக்கு நடப்பர். பள்ளிகொண்ட பத்மநாபனை மூன்று வாயில்களின் வழியே தரிசிப்பர். மிருகக்காட்சி சாலையையும் கோவளம் கடற்கரையையும் கண்டு இரவு வண்டியில் ஊர் திரும்புவர். அவ்வழியை நாம் குறை கூறவில்லை. ஆயினும் ஒரு சமயம் மற்றொன்றினும் மேலானதா என்னும் வினாவை மனத்திற்கொண்டு இந்நகரைச் சுற்றிப் பார்ப்பவருக்கு இது வேறொரு நகராகக் காட்சியளிக்கும்.

பிழைப்பை நாடி வெளியிடங்களில் வாழும் நம் குடும்பங்களில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதில்லை. அடுத்த வீட்டார் வேறு சமயத்தினர். நம் பிள்ளைகள் அவர்கள் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படிக்கின்றனர். ஒரு நாள் குழந்தை, "யாருடைய சாமி உண்மையான சாமி?" என்று கேட்கிறது. "நம்முடையதுதான்" என்றால் அடுத்த வீட்டாரைப் பொய்யராக்குகிறோம். "எல்லாம் ஒன்றுதான்" என்றால் குழந்தை நம்புவதில்லை. ஏனெனில் அவை ஒன்றல்ல என்பதை அது கண்ணாலேயே காண்கிறது. இவ்விரண்டுக்கும் அப்பால் ஒரு விடை உண்டா என்று தேடுவதே நம் நோக்கம்.

முதலில் பாளையம் செல்வோம். பெயரே தமிழருக்குப் பொருள் விளங்கும் பெயர். படை தங்கிய இடம். இங்கே கணபதி கோயிலும் ஜும்மா பள்ளிவாசலும் அருகருகே நிற்கின்றன. சாலைக்கு எதிரே புனித சூசையப்பர் பேராலயம். மணியோசையும் பாங்கொலியும் கோயிற்பாட்டும் ஒரே காற்றில் கலந்து வருகின்றன. காண்போர் உள்ளம் குளிர்வது இயல்பே. எனினும் இக்காட்சி நம் வினாவுக்கு விடையாகாது. அருகருகே வாழ்பவர் ஒருவரையொருவர் தாழ்வாக எண்ணிக்கொண்டும் வாழலாம் அன்றோ? மதில் அடுத்தடுத்து நிற்பதும் மனம் அடுத்தடுத்து நிற்பதும் ஒன்றல்ல.

அங்கிருந்து கோட்டைக்கு வருவோம். 1750-ஆம் ஆண்டு மன்னர் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூர் அரசு முழுவதையும் பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்தார். அது முதல் மன்னர்கள் பத்மநாப தாசர்களாக இருந்து நாட்டை ஆண்டனர். ஆழ்ந்த பக்தியின் செயல் அது. அந்த ஆட்சியிலேயே மற்றொன்றும் நிகழ்ந்தது. நட்டாலத்தில் பிறந்து அரசுப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சிறையும் சித்திரவதையும் அடைந்து 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

அவருக்குக் கிறித்து சமயத்தை எடுத்துரைத்தவர் டச்சுப் படைத்தலைவர் டிலன்னாய். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட அவரையே மன்னர் தம் படையைப் பயிற்றும் தளபதியாக்கிக் கொண்டார். அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டையில் இன்றும் உள்ளது. தளபதிக்குத் தடையாகாத சமயம் குடிமகனுக்குப் பேரிடராக முடிந்தது. இதிலிருந்து நாம் அறிவது யாது? அரசனின் ஆணை ஒரு சமயத்தை மெய்யாக்காது. அதுபோலவே ஒருவர் உயிரைக் கொடுத்தார் என்பதும் அவர் கொண்ட கொள்கையை மெய்யென நிறுவாது. எல்லாச் சமயத்திலும் உயிர் கொடுத்தோர் உளர். அவருடைய உறுதி மெய், அதை வணங்கலாம். வாளாலும் துப்பாக்கியாலும் இவ்வழக்கைத் தீர்க்க இயலாது என்பது மட்டும் தெளிவு.

வாதத்தால் தீர்க்கலாமா? அதற்கு விடை காண நகரின் வடபுறத்துச் செம்பழந்திக்குச் செல்ல வேண்டும். 1856-இல் ஸ்ரீ நாராயண குரு பிறந்த ஊர் அது. ஈழவர் குலத்தில் தோன்றிய அவர் 1888-இல் நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள அருவிப்புரத்தில் தம் கையாலேயே சிவலிங்கத்தைப் பிரதிட்டை செய்தார். அவருக்கு யோகம் பயிற்றியவர் ஒரு தமிழர் என்பது நமக்குப் பெருமை தருவது. இந்நகரின் தைக்காட்டில் ஆங்கில ரெசிடெண்டின் அலுவலகத்தில் சூப்பரிண்டெண்டாக வேலை பார்த்த அய்யாவு சுவாமிகளே அவர். பகலில் அலுவலகக் கோப்புகளைப் பார்த்தவர், மற்ற வேளையில் சாதி பாராது சீடர்களுக்கு வழிகாட்டினார். 1909-இல் மறைந்தார்.

1924-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று ஆலுவாயில் குரு ஒரு சர்வ சமய மாநாட்டைக் கூட்டினார். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்த சதாசிவ ஐயர் தலைமை தாங்கினார். வாதிட்டு வெல்வதற்கு அன்று, அறிவதற்கும் அறிவிப்பதற்குமே இக்கூட்டம் என்பது அம்மாநாட்டின் அறிவிப்பு. சில வாரங்கள் கழித்து, அவ்வாண்டு மார்ச் 30 அன்று வைக்கத்தில் சத்தியாகிரகம் தொடங்கியது. கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கவும் உரிமையற்றிருந்தோரின் போராட்டம் அது. தமிழகத்திலிருந்து பெரியார் சென்று சிறைபுகுந்த போராட்டம். ஒரு புறம் சமயங்கள் கூடிப் பேசின. மறு புறம் ஒரு சமயத்தின் மக்களே தம் கோயில் தெருவுக்கு வெளியே நின்றனர். இவ்விரண்டையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

இனி வர்க்கலை செல்வோம். நகருக்கு வடக்கே, இம்மாவட்டத்திலேயே உள்ளது. புகைவண்டி நிலையத்தின் பெயரே வர்க்கலை சிவகிரி. குரு 1928 செப்டம்பர் 20 அன்று சமாதியடைந்த இடம் சிவகிரிக் குன்று. அங்கே 1925 மார்ச்சு மாதத்தில் காந்தியடிகள் அவரைச் சந்தித்தார். வைக்கம் போராட்டத்தின் பொருட்டு வந்த பயணம் அது. அன்று இருவரும் உரையாடியது நம் வினாவைப் பற்றியே.

மதம் மாறினால் விடுதலை கிட்டும் என்று சிலர் கூறுவது பற்றிக் காந்தியடிகள் கேட்டார். மதம் மாறியோர் உரிமை பெறுவது கண்கூடாயிருக்கும்போது, அது நன்றென மக்கள் கூறுவதைக் குறை சொல்ல இயலாது என்னும் கருத்தில் குரு விடையளித்தார். ஆன்ம விடுதலைக்கு இந்து சமயம் போதுமா என்பது அடுத்த வினா. பிற சமயங்களிலும் அதற்கு வழி உண்டே என்றார் குரு. பிற சமயங்கள் ஒருபுறம் இருக்கட்டும், இந்து சமயம் போதுமா என்று காந்தியடிகள் மீண்டும் கேட்க, போதும் என்று குரு ஒப்புக்கொண்டார்.

அன்பர்களே, இவ்வுரையாடலில் ஒரு நுட்பம் உள்ளது. "இது போதும்" என்பது வேறு. "இது மட்டுமே" என்பது வேறு. என் தாயின் சமையல் எனக்குப் போதும் என்பவன் அடுத்த வீட்டுச் சமையலை நஞ்சென்று கூறவில்லை. தன் வழியில் முழு நம்பிக்கை வைப்பதற்குப் பிறர் வழியை அடைக்கவேண்டிய தேவை இல்லை. குரு தம் வழியைப் போதும் என்றார். மட்டும் என்று கூறவில்லை.

இதற்கு ஒரு தடை எழும். "சமயங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவே, இயேசுவைத் தேவகுமாரன் என்கிறது ஒன்று, அல்லவென்கிறது மற்றொன்று, படைத்தவன் ஒருவனை வைத்துப் பேசாமலே வழி காட்டுகிறது புத்தரின் அறம், எல்லாம் எவ்வாறு மெய்யாகும்?" நியாயமான கேள்வி. எல்லாம் ஒன்றே என்று பூசி மெழுகுவது நேர்மையன்று. வேறுபாடுகள் மெய்யானவை. ஆனால் அவ்வழக்கில் தீர்ப்புக் கூறும் நீதிபதி ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு கட்சியைச் சேர்ந்தவராகவே இருக்கிறார். ஆகவே அறியலாம், அறிவிக்கலாம், விரும்பினால் மாறவும் செய்யலாம். பிறர்மீது தீர்ப்பைத் திணிக்கும் உரிமை மட்டும் நமக்கில்லை.

அப்படியானால் சமயங்களை எவ்வகையிலும் எடைபோடக் கூடாதா? போடலாம், போட வேண்டும். கடவுள் எத்தகையவர் என்பதை அளக்க நம்மிடம் படிக்கல் இல்லை. ஆனால் வாயிலில் யாரை நிறுத்தி வைக்கிறோம் என்பதை அளக்க இயலும். 1935 அக்டோபரில் யேவலாவில் அண்ணல் அம்பேத்கர், இந்துவாகப் பிறந்தாலும் இந்துவாக இறக்கப்போவதில்லை என அறிவித்தார். திருவிதாங்கூரிலும் ஈழவத் தலைவர்கள் சிலர் எச்சமயத்திற்கு மாறலாம் என்று வெளிப்படையாக ஆராய்ந்தனர். 1936 நவம்பர் 12 அன்று மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். அரசின் ஆளுகையில் இருந்த கோயில்கள் இந்துக்கள் அனைவருக்கும் திறந்தன. சாத்திரங்கள் அன்றும் அவையே, மந்திரங்களும் அவையே. மாறியது வாயில் மட்டுமே. ஆயினும் அச்சமயம் அன்று உயர்ந்தது என்பதை யார் மறுப்பர்? பிற சமயத்தார் பத்மநாபன் கோயிலினுள் செல்லுதல் இன்றும் இயலாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வாயில் திறப்பதை விழாக்கோலத்தில் காண விரும்புவோர் மாசி மாதத்தில் ஆற்றுக்கால் பொங்கலைக்கு வருக. அங்கு வீற்றிருக்கும் அன்னையைக் கண்ணகி என்றே அடியார் பலர் போற்றுவர். 1997-இல் 15 இலட்சமும் 2009-இல் 25 இலட்சமும் பெண்கள் கூடினர் என்று கின்னஸ் நூல் பதிவு செய்தது. புகைவண்டியில் பணிபுரியும் நம்மவர்க்கு அந்நாளில் மூச்சுவிட நேரமிராது. கோயிலைச் சுற்றிப் பல கல் தொலைவு வரை தெருவெங்கும் செங்கல் அடுப்புகள். தேவாலய வளாகங்களும் பள்ளிவாசல்களும் அப்பெண்டிருக்குத் தண்ணீரும் நிழலும் தந்து உதவுகின்றன. உதவுவோர் ஆற்றுக்கால் அன்னையைத் தெய்வமென ஏற்றாரல்லர். பொங்கலிடுவோர் அவர்தம் மறையை ஏற்றாருமல்லர். கொள்கையில் ஓர் எழுத்தையும் விட்டுக்கொடாமல் வாயிலைத் திறக்கலாம் என்பதற்கு இதனினும் எளிய சான்று எதற்கு?

இதனை நம் வீட்டுக்குக் கொண்டுவருவோம். வாடகைக்கு வீடு தேடி அலைந்தபோது, "நீங்கள் எந்த மதம்?" என்ற கேள்விக்குப் பின் கதவு சாத்தப்பட்ட அனுபவம் நம்முள் பலருக்கு உண்டு. அன்று நாம் நொந்தோம். நாளை நாமே வீடு கட்டி வாடகைக்கு விடும்போது அதே கேள்வியைக் கேட்கப் போகிறோமா? நம் சங்கத்துப் பொங்கல் விழாவுக்குக் கிறித்தவத் தமிழரும் இசுலாமியத் தமிழரும் சந்தா செலுத்துகின்றனர். மேடையில் பாடப்படும் இறைவணக்கம் அவர்கள் வாயிலும் தடையின்றி வருவதாய் அமைந்துள்ளதா? மகள் வேற்றுச் சமயத்தில் துணை தேடினாள் என்பதற்காகப் பெற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் முகம் பாராதிருக்கும் வீடுகள் நம்மிடையே இல்லையா?

குழந்தைக்கு என்ன விடை சொல்வது? "கண்ணே, நமக்கு நம் சாமி போதும். அவர்களுக்கு அவர்கள் சாமி போதும். இரண்டும் ஒன்றா என்பதை நீ வளர்ந்தபின் படித்து, கேட்டு, நீயே முடிவு செய். அதுவரை அவர்கள் வீட்டுப் பண்டிகைக்குப் போய் வா. நம் வீட்டுப் பண்டிகைக்கு அவர்களையும் அழைத்து வா." இவ்வளவு சொன்னால் போதும். சொன்னபின் கதவைத் தாழிடாமல் இருப்பது பெரியவர்களாகிய நம் கடன்.