நாலில் தொடங்கும் பூஜ்யம்

யந்திர சாஸ்திரத்துக்கும் எனக்கும் வெகு தூரம். ஆனாலும் நண்பரின் மகன் ஒரு கிராமத்துக் குடிதண்ணீர்த் தொட்டிக்காகச் செய்துகொண்டிருந்த சிறு கருவியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தொட்டி கரட்டின் மேல். மோட்டார் கீழே கிணற்றடியில். நடுவே 800 மீட்டர் கம்பி. எவ்வளவு நீர் இருக்கிறதென்று தொட்டியின் அடியில் கிடக்கும் ஸென்ஸார் சொல்ல வேண்டும். வோல்ட்டாகச் சொல்லி அனுப்பினால் வழியில் கம்பியே கொஞ்சம் தின்றுவிடும். மின்னோட்டமாக அனுப்பினால் அந்தத் திருட்டு இல்லை. ஒரே வளையத்தில் ஓடுவது எங்கும் ஒரே அளவாகத்தானே ஓடும்! தொட்டி காலியென்றால் 4 மில்லி ஆம்பியர். 4 மீட்டரும் நிரம்பினால் 20.

கிணற்றடியில் இருக்கும் மைக்ரோ கண்ட்ரோலருக்கோ வோல்ட்தான் புரியும், அதுவும் 3.3க்கு மேல் தாங்காது. பையன் வளையத்தில் 150 ஓம் ரெஸிஸ்டர் ஒன்றைக் கோத்தான். (எஞ்சினீயர்களும் ஓம் சொல்லாமல் ஒரு காரியம் தொடங்குவதில்லை.) 4 என்பது 0.6 வோல்ட் ஆயிற்று. 20 என்பது 3 வோல்ட். ஐந்து சதவிகிதம் முன்பின்னாக இருக்கும் மலிவுச் சரக்கைப் போட்டால், நிரம்பிய தொட்டியில் கால் மீட்டர் வரை பொய் சொல்லுமாம். நல்லதாகத் தேடி வாங்கினான்.

சண்டை வந்தது அந்த 0.6ல்தான். வேலையைக் கொடுத்தவர் கணக்கான மனிதர்.

"காலித் தொட்டிக்கு எதுக்குத் தம்பி அரை வோல்ட்டுக்கு மேலே? கழிச்சு விட்டுரு. பூஜ்யம் பூஜ்யமா இருக்கட்டும்."

கழிப்பதற்கு ஒரு சின்னச் சில்லு போதும், விலையும் சொற்பம். பையன் அசையவில்லை.

"கம்பி அறுந்தா என்ன வருமுங்க?"

"ஒண்ணும் வராது."

"கழிச்சுட்டா காலித் தொட்டிக்கும் ஒண்ணும் வராதுங்க. தொட்டியிலே தண்ணி இல்லேன்னு நெனச்சு மோட்டார் ராத்திரி பூரா ஓடும். கெணறு வத்தும், மோட்டார் பொகையும்."

கடிதம் வராவிட்டால் சௌக்கியம் என்று எடுத்துக்கொள்ளும் உறவினர்கள் எனக்கும் உண்டு. அந்த ஊருக்கோ வேறு கிணறு கிடையாது. கம்பி போகும் வழியில் உழவும் நடக்கிறது, எலியும் இருக்கிறது.

வளையத்தில் ஓட்டம் 3.6 மில்லி ஆம்பியருக்கு இறங்கிவிட்டாலே கோளாறு என்பது தொழிலில் ஒப்புக்கொண்ட வழக்கம். 150 ஓமில் அது 0.54 வோல்ட். அங்கே வந்தால் மோட்டாரை நிறுத்து, மணியை அடி என்று பையன் கட்டளை எழுதி வைத்தான். பிறகு அவர் எதிரிலேயே கம்பியின் ஒரு முனையைப் பிடுங்கினான். மோட்டார் நின்றது, மணி ஊரைக் கூட்டியது.

பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"சரி, சரி. இதை எப்படித் தம்பி நிறுத்தறது?"

"கம்பியை மறுபடி மாட்டணுங்க. வேறே வழி வைக்கலை."