எட்டோ, ஒன்பதோ?

ஆங்கில இலக்கண நூலார் சொற்களை எட்டு வகையாகப் பகுப்பர் என்பது பள்ளிச் சிறாரும் அறிந்ததே. நவுன், புரோநவுன், வெர்ப் முதலாக இன்டர்ஜெக்‌ஷன் என்னும் வியப்புச்சொல் ஈறாக அவற்றை யாமும் ஆறாம் வகுப்பில் நெட்டுருச் செய்தோம். ஆயின் எம் நாவில் வந்தவை ஒன்பது. இரவுதோறும் விளக்கடியில் தந்தையார் எமக்குக் கற்பித்தது அங்ஙனமே. பாட்டனார் வைத்துச் சென்ற, மேலட்டையும் முதலேடுகளும் இழந்த ஒரு பழைய நூலே அவர்க்கு ஆங்கில ஆசான். அந்நூல் 'ஏ, ஆன், தி' என்னும் ஆர்ட்டிகிளைத் தனியொரு வகையாக முதற்கண் நிறுத்தியிருந்தது.

வகுப்பில் ஒன்பதென்றோம். "யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார் ஆசிரியர். "அப்பா" என்றோம். அவர் நகைத்தார், வகுப்பும் உடன் நகைத்தது. அடித்திருந்தால் மறந்திருப்போம். மாலையில் இதனை வீட்டில் உரைத்தபோது தந்தையார் மறுமொழி ஒன்றும் பகர்ந்திலர். நூலைத் துணியிற் சுற்றிப் பெட்டியுள் வைத்தார். அதன்பின் அவர் எமக்கு ஆங்கிலம் கற்பித்ததில்லை.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் சேர்ந்து தொல்காப்பியம் பயிலப் புகுந்தபோது பெயர், வினை, இடை, உரி எனச் சொல் நான்காதல் கண்டோம். நமக்கு நான்கு போதுமாயின் ஆங்கிலத்திற்கு எட்டு எங்ஙனம் வந்தது என்னும் பழைய ஐயம் மீண்டும் தலைதூக்கிற்று. கல்லூரி நூல்நிலையத்தில் தேடலுற்றோம்.

எட்டு என்னும் எண் ஆங்கில மண்ணிற் பிறந்ததன்று. டயோனீசியஸ் திராக்ஸ் என்பார் பெயரால் வழங்கும் பண்டைக் கிரேக்க இலக்கணம் சொல்லை எட்டாக எண்ணிற்று. அவற்றுள் ஆர்ட்டிகிளும் ஒன்று. இலத்தீன் மொழியிலோ ஆர்ட்டிகிள் இல்லை. உரோமர் அதனைக் கழித்து, வியப்புச்சொல்லைத் தனியே பிரித்து, எட்டைக் குறையாமற் காத்தனர்! வீட்டில் ஒருவர் இல்லாதபோதும் இலைக்கணக்குக் குறையலாகாதென்று அடுத்த வீட்டாரை அழைத்து அமர்த்தியது போலும் என்று நகைத்துக்கொண்டோம். 1586இல் வில்லியம் புல்லோக்கர் ஆங்கிலத்திற்கு அச்சிட்ட முதல் இலக்கணமும் இலத்தீன் எட்டையே தழுவிற்று. இக்காலத்து எட்டினுள் தனித்து நிற்கும் அட்ஜெக்டிவ் நெடுங்காலம் நவுனின் உட்பிரிவாகவே கிடந்தது.

1795இல் லிண்ட்லி மரே வெளியிட்ட இலக்கணத்தைப் புரட்டியபோதுதான் எம் கை நின்றது. சொல்வகை ஒன்பது, அவற்றுள் முதலாவது ஆர்ட்டிகிள்! நகைத்த ஆசிரியரும் பிழைபட்டவரல்லர். ஆர்ட்டிகிளை அட்ஜெக்டிவினுள் அடக்குவார்க்கு எட்டே. ஆயினும் அப்பக்கத்தை எழுத்தெழுத்தாகப் படியெடுக்கையில் எம் கண் கலங்கிற்று என்பதை மறைப்பானேன்?

கிறிஸ்துமஸ் விடுமுறையில் அப்படியைத் தந்தையாரிடம் கொடுத்தோம். அவர் பெட்டியைத் திறந்து துணியை அவிழ்த்து, விரலை வரிமேல் ஓட்டி இரண்டினையும் ஒத்துப் பார்த்தார். சொல்லுக்குச் சொல் ஒத்தது. நெடுநேரங் கழித்து, "இப்போது எத்தனை என்கிறார்கள்?" என்றார். பலர் பலவாறு கூறுவர் என்றும், 1952இல் ஃபிரீஸ் என்னும் அமெரிக்க அறிஞர் நான்கு பெருவகையும் பதினைந்து சிறு தொகுதியுமாகப் பகுத்தார் என்றும், பின்வந்தோர் ஆர்ட்டிகிளை டிடர்மினர் என்னும் புதுவகையுள் சேர்த்தனர் என்றும் உரைத்தோம். "நம்முடைய நான்குதானா?" என்றார். அன்று, அவர் பெருவகையுள் நம் இடைச்சொற்கு இடமில்லை, அவ்வினத்தன பதினைந்தினுட் சிதறிக் கிடக்கும் என்றோம். அவர்க்கு அது சிறிது ஏமாற்றமே.

எம் தம்பி இப்போது ஆறாம் வகுப்பிற் பயில்கின்றான். உரையாடலைக் கேட்டிருந்த அவனைத் தந்தையார் அருகழைத்தார். "பள்ளிக்கூடத்தில் எட்டு என்றே சொல். ஒன்பதாவதை ராத்திரி நான் சொல்லித் தருகிறேன்" என்றார்.