கடல் மூடிய ரயில் நிலையம்

ராமேஸ்வரம் போகிறவர்கள் தனுஷ்கோடியையும் எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. அரிச்சல்முனையில் செல்ஃபி எடுக்கிற அவசரத்தில், வழியில் மணல் மேட்டில் இடிந்து நிற்கும் சுவர்களைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரு காலத்தில் கொழும்புப் பயணிகள் வந்து இறங்கிய ரயில் நிலையத்தின் மிச்சம் அது.

இன்று ராமேஸ்வரத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அன்று கதையே வேறு. பாம்பனிலிருந்து மெயின் லைன் போனது தனுஷ்கோடிக்குத்தான். ராமேஸ்வரத்துக்கு வெறும் கிளைப்பாதை! 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடத் தொடங்கியது. போட் மெயிலில் வந்து, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, சுமார் 35 கிலோமீட்டர் கடலைத் தாண்டினால், அக்கரையில் கொழும்பு ரயில் தயாராக நிற்கும். மொத்தப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட். சுங்க அலுவலகம், தபால் நிலையம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என ஒரு மீனவக் கிராமம் சின்ன நகரமாகவே மாறிப்போனது.

வசதியானவர்கள் மட்டும் போன வழியல்ல இது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன குடும்பங்களும், மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடித்து இங்கேதான் கப்பல் ஏறின. அவர்களில் எத்தனையோ பேருக்கு, பிறந்த மண்ணில் கடைசியாகக் கால் பதித்த இடம் தனுஷ்கோடிதான்.

1964 டிசம்பர் 22, நள்ளிரவு. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கிவிட்டது. பேய்க்காற்றில் சிக்னல் வேலை செய்யவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்த டிரைவர், விசில் கொடுத்தபடி ரயிலை மெல்ல நகர்த்தினார் என்கிறார்கள். எழுந்து வந்த ராட்சத அலை ரயிலை அப்படியே சுருட்டிக்கொண்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஸ்டேஷன் இன்னும் சில நிமிட தூரம்தான்.

அதே புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை, இ.ஸ்ரீதரன் தலைமையில் 46 நாள்களில் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவே இல்லை. குடியிருக்கத் தகுதியற்ற ஊர் என அரசு அறிவித்துவிட, கப்பல் ராமேஸ்வரத்துக்கு இடம் மாறியது. இலங்கையில் போர்ச்சூழல் மூண்டதும் 1980-களில் அதுவும் நின்றது. 2019-ல் புதிய ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதோடு சரி.

இப்போது அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். சங்கும் பாசிமணியும் விற்கும் கடைகளைத் தாண்டி, இடிந்த சர்ச்சுக்கு அப்பாலும் கொஞ்சம் நடந்தால் ஸ்டேஷன் சுவர்களைக் காணலாம்.

சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வரும் ரயிலைப் பழைய ஆட்கள் இன்னமும் ‘போட் மெயில்’ என்றுதான் சொல்கிறார்கள்.