ஐந்தாவது ஆள்

அமெரிக்காவில் காலேஜ் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுப்பது ஒரு முழுநேர உத்தியோகம். அதில் புரமோஷன்கூட உண்டு, தெரியுமா உங்களுக்கு? அங்கேயே பிறந்து வளர்ந்த என் அக்கா மகன், கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு அதில் இறங்கப் போகிறேன் என்றபோதுதான் எனக்கே தெரிந்தது. 'ஓடுறதுக்கு ஒருத்தன் சொல்லித் தரணுமாடா?' என்று அக்கா போனில் புலம்பித் தீர்த்துவிட்டாள்.

முதல் படி கொஞ்சம் வழுக்கல்தான். பெரிய பல்கலைக்கழகங்களில் 'வாலன்டியர் கோச்' என்று ஒரு ஜாதி இருந்தது. வேலை உண்டு, சம்பளம் கிடையாது. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ., முதல் டிவிஷனில் அந்த ஏற்பாட்டை 2023 ஜூலையில்தான் ஒழித்தது. இன்னொரு வழி, மேற்படிப்பு படித்துக்கொண்டே கோச்சுக்கு எடுபிடியாக இருப்பது. அதைத் தாண்டினால் அசிஸ்டென்ட், பிறகு ஹெட் கோச். ஒவ்வொரு படிக்கும் மூட்டை முடிச்சோடு ஊர் மாற வேண்டியிருக்கும்.

சீக்கிரம் மேலே போக ஒரு சூப்பர் ஸ்டார் பையனைப் பிடித்தால் போதாதா என்பீர்கள். அங்கேதான் கிராஸ் கன்ட்ரி கணக்கு இடிக்கிறது. புல்வெளி, மேடு பள்ளம் என்று ஓடும் இந்தப் பந்தயத்தில் டீமுக்கு ஏழு பேர். அவர்களில் முந்தி வரும் ஐந்து பேர் பிடித்த இடங்களைக் கூட்டுவார்கள். யாருக்குக் குறைச்சலோ அவர்களுக்கே கோப்பை. உங்கள் ஸ்டார் முதலாவதாக வந்து, ஐந்தாவது பையன் நூற்றைம்பதாவதாக வந்தால்... கோவிந்தா!

ஜோ விஹில் என்ற பயிற்சியாளருக்கு இது நன்றாகப் புரிந்திருந்தது. கொலராடோவில் சுமார் 7,500 அடி உயரத்தில் இருக்கும் அலமோசா என்கிற சின்ன ஊரில், ஹைஸ்கூல் வாத்தியாராக இருந்தவர். அப்புறம் அதே ஊர் ஆடம்ஸ் ஸ்டேட் கல்லூரியில் கோச். பெரிய பெயரெல்லாம் இல்லாத கல்லூரி. 1992-ல் இரண்டாம் டிவிஷன் தேசியப் போட்டியில் அவருடைய பையன்கள் பிடித்த இடங்கள்: 1, 2, 3, 4, 5. கூட்டினால் 15. அதற்குக் கீழே யாராலும் போக முடியாது, சார்! அவர் காலத்தில் அந்தக் கல்லூரிக்குக் கிடைத்த தேசியப் பட்டங்கள் 19. 2004 ஏதென்ஸ் மாரத்தானில் வெண்கலம் வாங்கினாரே டீனா காஸ்டர், அவரும் இந்த விஹிலைத் தேடி அலமோசாவுக்குப் போனவர்தான்.

அக்கா மகனிடம் நான் ஒன்றுதான் சொன்னேன். 'இன்டர்வியூவில் உன் முதல் ஆளோட டைமைச் சொல்லாதே. அவன் யார்கிட்ட இருந்தாலும் ஓடுவான். வந்தப்போ மூச்சு வாங்கின அஞ்சாவது பையன், மூணு வருஷத்தில் எங்கே வந்து நிக்கிறான்னு சொல்லு.' பழைய சம்பளத்தில் பாதிகூட வராத வேலையில் சேர்ந்துவிட்டான். தேறுவானா என்று இப்போதே சொல்ல முடியாது.

நீங்கள் பள்ளிக்கூட வாத்தியாராகவோ ஆபீஸ் மேனேஜராகவோ இருக்கலாம். உங்களுடைய முதல் ஆள் யாரென்று ஊருக்கே தெரியும். ஐந்தாவது ஆளிடம் கடைசியாக எப்போது பேசினீர்கள்?