வெயிலே தரும் குளிர்ச்சி

கிள்ளானில் உள்ள என் வீட்டுக் குளிரூட்டியின் வெளிப்பெட்டி, பக்கத்து வீட்டுச் சன்னலைப் பார்த்தபடி இருந்தது. ஒரு மாலையில் அவ்வீட்டுப் பாட்டி, "தம்பி, உங்கள் வீட்டுச் சூடு என் அறைக்குள் வருகிறதப்பா!" என்றார். நான் வெட்கிப்போனேன். குளிரூட்டி வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. எனக்குக் குளிர்ச்சி, பாட்டிக்கு வெக்கை!

மறுவாரமே பெட்டியைப் பின்புறச் சுவருக்கு மாற்றினேன். ஆயினும், அவர் சொல் என்னைச் சிந்திக்க வைத்தது.

புத்ராஜெயாவில், மைய நிலையங்களில் குளிர்விக்கப்படும் நீர், நிலத்தடிக் குழாய்கள் வழியே பல அரசாங்கக் கட்டடங்களைச் சென்றடைகிறது. இதுவே வட்டாரக் குளிரூட்டல். அங்கும் வெப்பம் வெளியேறும்; ஆனால், அண்டை வீட்டாரின் சன்னலருகே அன்று.

இத்தகைய நிலையங்களுக்குச் சூரிய சக்தியும் கைகொடுக்கும். சூரியத் தகடுகள் மின்சாரம் தரும். வெயிலில் சூடேற்றிய நீரைக் கொண்டே குளிர்ச்சியை உண்டாக்கும் இயந்திரங்களும் உள்ளன. வெயில் சுட்டெரிக்கும் வேளையில்தானே குளிர்ச்சியும் மிகுதியாகத் தேவைப்படுகிறது! பகலில் குளிர்வித்த நீரைத் தொட்டியில் சேமித்தால் இரவிலும் பயன்படும்.

நம் வசதி பிறருக்குச் சுமையாகக் கூடாது. பாட்டி எனக்குக் கற்பித்த பாடம் இது.