அண்ணாச்சியின் பில்லும் ஒன்றரை மணி நேரமும்

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

முதலில் சேதி. உங்கள் மஸ்கட் பில் பதினெட்டாயிரத்துச் சொச்சம் வந்ததல்லவா, அதில் டேட்டாவுக்கென்று போட்டிருந்த பதினாலாயிரமும் தள்ளுபடி ஆகிவிட்டது. அழைப்புக் கணக்கில் உள்ள நாலாயிரத்துச் சில்லறை அப்படியே நிற்கிறது, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். மதினியிடம் மொத்தமும் ரத்து என்று சொல்லிவிட்டு அப்புறம் முழிக்காதீர்கள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியிலேயே கம்பெனிக்காரனை வைய ஆரம்பித்துவிடுவீர்கள், மீதியைக் கேட்கமாட்டீர்கள். அதனால்தான் கடிதம். கம்பெனியின் பேரையும் எழுதவில்லை, நம் இருவருக்கும் தெரிந்ததுதானே.

உங்கள் நம்பர் மும்பை வட்டத்து நம்பர் என்பதால் வேலை இங்கேதான் நடக்க வேண்டும் என்றார்கள். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு நீங்கள் எத்தனை தடவை கூப்பிட்டாலும் ஆளுக்கொரு புகார் எண்ணைக் கொடுத்துவிட்டு வைத்துவிடுவார்கள். மகள் வீட்டில் என் தங்கல் நீண்டதும் ஒரு வகையில் நல்லதாயிற்று. நீங்கள் அனுப்பிய அதிகாரக் கடிதத்தையும் ஆதார் நகலையும் எடுத்துக்கொண்டு கிங்ஸ் சர்க்கிளில் ரயில் ஏறி, வடாலாவில் மாறி, செம்பூரில் இறங்கினேன். கடையில் டோக்கன், ஏசி, சுவர் முழுக்கச் சிரிக்கிற கிரிக்கெட் ஆட்டக்காரர்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். ஆனால் "யூஸ் ஹுவா ஹை சர்", அதாவது பயன்படுத்தியிருக்கிறீர்கள், என்பதற்கு மேல் அவளிடம் விடை இல்லை. அவள் திரையில் தெரிவது கூட்டுத்தொகை மட்டும்தான், பாவம். சண்டை போடுவதில் பயனில்லை என்று தெரிந்ததும், வரிவரியாகக் கணக்குப் போட்ட விவர பில் ஒன்று மட்டும் கேட்டேன். முனகாமல் அச்செடுத்துக் கொடுத்தாள். அண்ணாச்சி, நான் இங்கே செய்த உருப்படியான காரியம் அந்த ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். மற்றதெல்லாம் அந்தக் காகிதங்கள் செய்தவை.

வந்தது வந்தோம் என்று செட்டா நகர் முருகனையும் பார்த்துவிட்டு வந்தேன். படியேற முன்புபோல் முடியவில்லை. நீங்கள் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்த கதையை நினைத்துக்கொண்டேன். அதை இங்கே யாரும் நம்புவதில்லை.

பில்லை வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடி போட்டுப் பார்த்தும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மருமகன் ஐ.டி. கம்பெனியில்தான் இருக்கிறார், அவருக்கும் புரியவில்லை. "தாராவியில் போன் கடை வைத்திருப்பவரிடம் காட்டுங்க மாமா, வளைகுடா போய்வருகிறவங்க பில்லை எல்லாம் அவர்தான் படிச்சுச் சொல்வார்" என்றார். லேபர் கேம்ப் வழியாக நடந்தே போய்விட்டேன். நீங்கள் பார்த்த தொண்ணூறடி ரோடு அப்படியே இல்லை, ஆனால் இருக்கிறது. கடைப் பலகைகள் மாறியிருக்கின்றன. மறுசீரமைப்புக்கு எடுத்த சர்வே எண்கள் கதவு கதவாக எழுதப்பட்டிருக்கின்றன. எண் போட்ட வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் எங்கே வீடு கிடைக்கும், கிடைக்குமா என்பதே பேச்சு. காலையில் இட்லிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் மட்டும் அதே வேகத்தில்தான் நடக்கிறார்கள்.

கடைக்காரர் அம்பாசமுத்திரம் பக்கத்து ஆள். இங்கேயே பிறந்தவர், பேச்சு மட்டும் தாமிரபரணித் தண்ணீர். அப்பா தோல் பதனிடும் பட்டறைக்கு வேலைக்கு வந்து, பிறகு மஞ்சள் பலகை மாட்டி எஸ்டிடி பூத் வைத்தவராம். பில் தகராறு என்றால் அது எங்கள் வீட்டுச் சொத்து என்று சிரித்தார். அவர் சொன்னதை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஊரில் அப்போது யார் வீட்டில் போன் இருந்தது? மளிகைக் கடையிலோ வாத்தியார் வீட்டிலோதான். இங்கிருந்து எண்ணைச் சுற்றினால் அவர் எடுப்பார். எடுத்த நொடியில் மீட்டர் ஓடத் தொடங்கிவிடும். "இருங்க, அம்மாவைக் கூட்டியாரச் சொல்லுதேன்" என்று பையனை அனுப்புவார். அம்மா ஆற்றங்கரையில் இருப்பாள். அவள் ஓடிவந்து மூச்சு வாங்கும் வரைக்கும் ஓடின மீட்டருக்கு யார் காசு கொடுப்பது? இதற்குத்தான் பூத்தில் தினமும் சண்டை. பிறகு ஜனங்களே வழி கண்டுபிடித்தார்கள். சேதியைச் சொல்லிவிட்டு உடனே வைத்துவிட வேண்டியது, பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட வேண்டியது. அதுவும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான், அப்போதுதான் கால் கட்டணம். அந்த நேரத்துக்குத் தாராவியில் பூத்துக்கு வெளியே வரிசை நிற்குமாம். எந்த நேரத்தில் பேசினால் எவ்வளவு ஆகும் என்பது எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் மனப்பாடம்.

செல்போன் வந்தும் இந்தக் கணக்கு விடவில்லை. 1995-ல் மும்பையில் இரண்டே கம்பெனிகள், மேக்ஸ் டச்சும் பி.பி.எல்.லும். வருகிற அழைப்புக்கும் நாம்தான் கட்ட வேண்டும், 2003 மே மாதம் வரைக்கும். அதற்குப் பிறகும் தாதரில் ரயிலேறி மும்பை வட்டத்தைத் தாண்டினால் ரோமிங். நமக்கு அது சொந்த ஊர், கம்பெனிக்கு அது வேற்று நாடு மாதிரிதான். 2007-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உச்சவரம்பு போட்டபோது ரோமிங்கில் வரும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 1 ரூபாய் 75 காசு. 2013-ல் 75 காசு ஆனது, 2015-ல் 45 காசு. கொடை விழாவுக்குப் போனவர்கள் போனை அணைத்துவைத்துவிட்டுச் சாமி கும்பிட்ட காலம் அது. இப்போது உள்நாட்டில் ரோமிங் என்ற பேச்சே இல்லை. அந்தப் பழைய வேட்டை எல்லாம் விமானமேறி வெளிநாட்டுக்குப் போய்விட்டது என்பது கடைக்காரரின் கட்சி. நானும் அதை ஒப்புக்கொள்கிறேன்.

பில்லுக்கு வருகிறேன். கடைக்காரர் தொகையைப் பார்க்கவே இல்லை, நேரம் போட்டிருந்த பத்தியில்தான் விரலை ஓட்டினார். "டேட்டா எங்க தொடங்குதுன்னு பாத்தீயளா? ராத்திரி பத்து முப்பத்தொண்ணு. இது எந்த ஊரு மணி?" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீங்கள் வாங்கியது பத்து நாள் டேட்டா பேக். பத்தாம் நாள் நள்ளிரவோடு அது முடியும். நீங்கள் மஸ்கட் நள்ளிரவு என்று இருந்துவிட்டீர்கள். கம்பெனியோ இந்திய மணிக்குக் கணக்கு வைத்தது. நம்மைவிட மஸ்கட் ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே இரவு பத்தரை ஆனபோதே இங்கே தேதி மாறிப் பேக்கும் முடிந்துவிட்டது. ஆனால் வெளிநாட்டில் நம் போன் எந்தக் கம்பெனியின் டவரைப் பிடிக்கிறதோ அந்தக் கம்பெனி அந்த ஊர் நேரத்தைப் போட்டுத்தான் கணக்கெழுதி இங்கே அனுப்புகிறது. ஆக பில்லில் இருப்பது மஸ்கட் மணி, பேக்கை முடித்தது மும்பை மணி. ஒரே காகிதத்தில் இரண்டு கடிகாரம். கவுன்ட்டர் பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்?

அப்படியானால் அந்த இரவில் அத்தனை டேட்டாவை யார் தின்றது என்று கேட்பீர்கள். நீங்கள் யூடியூப் பார்க்கவில்லை என்று மதினி தலையில் அடித்துச் சத்தியம் செய்தீர்களே, அது உண்மைதான். பேரனின் பிறந்தநாளுக்கு எடுத்த வீடியோக்கள் எல்லாம் போனில் இருந்தன. மஸ்கட்டில் உங்கள் மகள் வீட்டு வைஃபையை விட்டு விமான நிலையத்துக்குக் கிளம்பியதும், பாதியில் நின்ற அந்தப் பதிவேற்றத்தைப் போன் தானாகவே டேட்டாவில் தொடர்ந்திருக்கிறது. நீங்கள் மருமகனோடு காரில் பேசிக்கொண்டு போயிருக்கிறீர்கள். சட்டைப் பையில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கேயே உட்கார்ந்து மேல்முறையீடு எழுதினோம். இது பலருக்குத் தெரிவதில்லை, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். டிராய்க்கு எழுதுகிறேன், டிராய்க்கு எழுதுகிறேன் என்று மிரட்டினீர்களே, தனி ஆளின் புகாரை டிராய் எடுத்து விசாரிப்பதில்லை. 2012 ஜனவரியில் அது போட்ட விதிப்படி ஒவ்வொரு கம்பெனியும் வட்டந்தோறும் ஒரு மேல்முறையீட்டு அதிகாரியை வைத்திருக்க வேண்டும். முதலில் புகார் மையத்தில் சொல்லிப் புகார் எண் வாங்க வேண்டும். அங்கே கிடைத்த பதில் பிடிக்கவில்லை என்றால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு. கட்டணம் கிடையாது. அது இரண்டு பேர் கொண்ட ஆலோசனைக் குழுவுக்குப் போகும். ஒருவர் கம்பெனி ஆள், மற்றவர் நுகர்வோர் அமைப்பின் ஆள். அவர்கள் ஆலோசனையைக் கேட்டு முப்பத்தொன்பது நாளுக்குள் மேல்முறையீட்டு அதிகாரி தீர்த்தாக வேண்டும். உங்களுக்கு முப்பது நாள் முடிய ஒரு வாரம்தான் பாக்கி இருந்தது. நீங்கள் கோபத்தில் தாளைக் கிழித்துப் போட்டிருந்தாலும் புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் இருந்ததால் பிழைத்தோம்.

எழுதியது ஒரு பக்கம்தான். திட்டு ஒன்றும் இல்லை. பேக் எந்த நாட்டு மணிப்படி முடியும் என்று வாங்கும்போது சொல்லப்படவில்லை. முடிந்துவிட்டது என்ற எஸ்எம்எஸ், செலவு எல்லாம் ஆகி, நீங்கள் மும்பையில் இறங்கிய பிறகுதான் வந்தது. இந்த இரண்டையும் சொல்லி, அந்த எஸ்எம்எஸ் வந்த நேரம் தெரியும்படி படம் எடுத்துச் சேர்த்தோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 ஜூலை முதலே ரோமிங் டேட்டா 50 யூரோவைத் தொட்டால் இணைப்பு தானாக நின்றுவிட வேண்டும் என்று விதி இருந்தது. 2017 ஜூன் 15 முதல் ஒன்றியத்துக்குள் ரோமிங் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். அதையும் எழுதலாமா என்று கேட்டேன். கடைக்காரர் வேண்டாம் என்றார். "ஊரான் வீட்டுக் கதை எதுக்கு அண்ணாச்சி, நம்ம மணியை மட்டும் சொல்லுவோம்."

காத்திருந்த நாட்களில் கஃபே மெட்ராஸில் பழக்கமான ஒரு வக்கீலிடமும் கேட்டு வைத்தேன். கம்பெனி மறுத்தால் நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. 2009-ல் உச்ச நீதிமன்றம் டெலிபோன் பில் தகராறு 1885-ஆம் வருடத் தந்திச் சட்டத்தின்படி மத்தியஸ்தத்துக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லியிருந்ததாம். அதைக் காட்டியே கம்பெனிகள் வருடக்கணக்கில் தப்பித்திருக்கின்றன. அகமதாபாத்தில் ஒருவர் மாதம் சராசரியாக 555 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தவர். 2013 நவம்பர் 8 முதல் ஒரு மாதத்துக்கு 24,609 ரூபாய் பில் வந்தது. கிரெடிட் கார்டில் தானாகப் போகிற ஏற்பாடு வேறு. அவர் விடவில்லை. கம்பெனி நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 பிப்ரவரி 16-ல், வோடஃபோன் ஐடியாவின் மேல்முறையீட்டைத் தள்ளி, நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பானது. இதில் கவனிக்க வேண்டியது, பணம் திரும்ப வந்ததா என்பதல்ல அந்தத் தீர்ப்பு, கேட்க வாசல் உண்டா என்பதுதான். அதற்கே எட்டு வருடம். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

போன வாரம் மேல்முறையீட்டு அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் கூப்பிட்டார். டேட்டா தொகை அடுத்த பில்லில் வரவு வைக்கப்படும் என்றார். நல்லெண்ண அடிப்படையில் என்று ஒரு சொல்லையும் சேர்த்துக்கொண்டார். தப்பை ஒப்புக்கொள்ளாமல் பணத்தைத் திருப்புகிற முறை அது. வாங்கிக்கொள்வோம்.

இனி அந்த நாலாயிரம். "எடுக்காத போனுக்குக் காசா?" என்று கத்தினீர்கள். ஆமாம், காசுதான். நீங்கள் எடுக்காவிட்டால் அழைப்பு மகன் நம்பருக்குப் போகும்படி திருப்பிவிட்டு வைத்திருக்கிறீர்கள். மும்பையில் இருப்பவர் உங்களைக் கூப்பிட்டால் அழைப்பு மஸ்கட்டுக்குப் போகிறது. அங்கே போன் அடிக்கிறது, நீங்கள் தூக்கத்தில் இருக்கிறீர்கள். உடனே அது மஸ்கட்டிலிருந்து மறுபடி மும்பைக்குத் திரும்புகிறது. போன வழிக்கு வரும் அழைப்பென்று ஒரு கட்டணம், திரும்பிய வழிக்கு வெளிநாட்டு அழைப்பென்று இன்னொன்று. மும்பைக்காரர் மும்பைக்காரரிடம் பேசியிருக்கிறார், இரண்டு கடல் பயணத்துக்கு நீங்கள் கட்டியிருக்கிறீர்கள். நீங்கள் வாங்கியது வெறும் டேட்டா பேக் என்பதால் இதில் வாதாட ஒன்றும் இல்லை. கம்பெனி விதிகளில் தெளிவாகவே இருக்கிறது, கடைக்காரரும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இது நியாயமா என்றால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் முறையீடு செய்ய இடமில்லாத அநியாயம்.

ஆகவே இந்தக் கடிதம் கிடைத்ததும் போனில் ##002# அடித்து அழைப்பு பொத்தானை அழுத்துங்கள். எல்லாத் திருப்பலும் ரத்தாகிவிடும். படங்கள் தானாக ஏறுவதை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றச் சொல்லுங்கள், அது உங்கள் பேத்திக்கு ஒரு நிமிட வேலை. கிரெடிட் கார்டில் தானாகப் போகும் ஏற்பாட்டை, அந்த வரவு பில்லில் விழும் வரைக்கும் நிறுத்தி வையுங்கள். நாலாயிரத்தைக் கடைசித் தேதிக்கு முன் கட்டிவிடுங்கள், தாமதக் கட்டணம் என்று இன்னொரு கடிதம் எழுத எனக்குத் தெம்பில்லை. கடைக்காரருக்குப் பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. ஊருக்குப் போகிறபோது நெல்லையப்பர் கோயில் பக்கத்தில் அல்வா வாங்கி அனுப்பச் சொன்னார். அது உங்கள் செலவு.

மதினி கேட்ட காப்பித் தூள் மைசூர் கன்சர்ன்ஸில் அரைத்து வாங்கியாயிற்று. சாளுக்கியா எக்ஸ்பிரஸில் டிக்கெட் உறுதியானதும் தேதி சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி